பாலத்துக்காரரின் நெற்றியில் சந்தனம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியது எங்கள் கடைப் பலகையில் உள்ள 'இட்லி மாவு, தோசை மாவு கிடைக்கும்' என்பது மட்டும்தான். பலகை எழுதிய பெயின்டருக்குத் தமிழ் தெரியாது. நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டார். அதனால் என் கோழிக் கிறுக்கல் பெரிய பெரிய எழுத்தில் புனேயில் ஔந்துப் பக்கம் ஒரு சந்துக்குள் பல வருஷமாகத் தொங்குகிறது. அதைப் படிக்க முடிந்தவர்களுக்கு இதையும் படிக்க முடியும்.

இதை எழுதச் சொன்னவர் பழைய காமிக்ஸ் சேர்க்கிற ஒருவர். என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் காமிக்ஸ் இருக்கிறது. "எங்கேருந்து வந்தது, யார் கையில இருந்தது, எல்லாத்தையும் எழுதி வைங்க அண்ணா. இல்லேன்னா நாளைக்கு யாருக்குத் தெரியும்? லிக்கோ நா, எழுதுங்க!" என்று போன வருஷம் கேட்டார். சரி என்றேன். என்னிடம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

எனக்குக் கூச்சம் அதிகம். 'வேண்டாம்' என்ற சொல் தொண்டை வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது. எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் குக்கர்கள் இருப்பதும், யாருக்கும் படிக்கத் தெரியாத மராத்திப் பேப்பர் கொஞ்ச காலம் தினமும் வாசலில் வந்து விழுந்ததும் அதனால்தான். முடி வெட்டுகிறவர் 'மாலிஷ்?' என்று கேட்டால் தலையாட்டிவிடுவேன். அவர் என் மண்டையைப் போட்டுத் தட்டுகிற தட்டில் கண்ணில் தண்ணீர் வரும். எப்படி இருந்தது என்று 'கைஸா லகா?' என்பார். அதற்கும் தலையாட்டுவேன்.

"உங்க கழுத்துல ஸ்பிரிங் வச்சு அனுப்பியிருக்காங்க. மேலயும் கீழயும்தான் ஆடும், பக்கவாட்டுல ஆடாது" என்பாள் என் மனைவி.

அந்தக் காமிக்ஸ் என்னிடம் வந்தது நான் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வடை போட்டுக்கொண்டிருந்தபோது. கல்யாணத்துக்கு முந்திய காலம். வடையை மடித்துக் கொடுக்க, பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக ரத்திக் கடையிலிருந்து வரும். பழைய பேப்பர் வாங்கி விற்கிற கடைக்கு இங்கே ரத்தி என்று பேர். ஒருநாள் மூட்டையைப் பிரித்தபோது உள்ளே இரண்டு கெட்டி அட்டைகளை நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு புத்தகம். யாரோ பத்திரமாக வைத்திருந்து, பிறகு வேறு யாரோ கவனிக்காமல் எடைக்குப் போட்டிருக்க வேண்டும்.

அட்டையில் ஒரு பெரிய பாலம், நடுவில் ஒடிந்திருந்தது. அதன் கீழே ஆற்றுக்குள் நின்றுகொண்டு ஒருவர் பாலத்தை முதுகில் தாங்கிக்கொண்டிருந்தார். பச்சை உடுப்பு, மஞ்சள் முகமூடி, தோளில் துணி. மேலே ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்த யாரும் கீழே பார்க்கவில்லை. ஒரு பெண் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அந்த மனிதரும் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பக்கத்தைக் கிழித்து வடையை மடிக்க வேண்டியவன் நான். கை வரவில்லை. கேன்டீன் முதலாளியிடம் கேட்கவும் கூச்சம். பக்கத்தில் கணக்குப் பார்ப்பவரிடம் சொல்லி, அவர் முதலாளியிடம் கேட்டு, "வடை மடிக்க அது வழவழன்னு இருக்கு, எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்று பதில் வந்தது. அப்படித்தான் அது எனக்குச் சொந்தமானது.

என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் விசேஷத்துக்குக் கட்டுகிற வேஷ்டியின் மடிப்புக்குள், அந்த இரண்டு அட்டைகளோடு சேர்த்து வைத்தேன். ஆறு நாளும் எண்ணெயில் நிற்கிற கை என்னுடையது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீயக்காய் தேய்த்துக் குளித்து, கையைக் காயவைத்து, பெட்டி மூடி மேலே புத்தகத்தைப் படுக்கவைத்து, ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் திருப்புவேன். பாதிக்கு மேல் விரிக்க மாட்டேன். கோவிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரிதான். யாரும் சொல்லித்தந்து செய்ததில்லை. என்னிடம் இருந்த நல்ல சாமான் அது ஒன்றுதான். அதனால் அப்படிச் செய்தேன்.

இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. படத்தை வைத்து நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். பாலத்துக்காரர் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தவர். பஸ்ஸில் எட்டிப் பார்க்கிற பெண் அவருடைய தங்கை. அண்ணனைத் தேடி ஊர் ஊராகப் போகிறாள். அண்ணன் தன் பஸ்ஸுக்குக் கீழேயே நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் அவர் மேகத்துக்குள் பறந்து போகிறார், அவள் கையை ஆட்டுகிறாள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் புத்தகத்தை மூட எனக்கு மனசு வராது.

கல்யாணம் ஆகி, கேன்டீனை விட்டு, ஔந்தில் சொந்தமாக மாவுக் கடை போட்டு, மகள் பிறந்து, அவள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்" என்றேன். அவள் பக்கத்தைத் திருப்ப விரலை நாக்கில் வைத்தாள். "ஐயோ!" என்று கத்திவிட்டேன். நான் கத்தி அவள் அதுவரை கேட்டதில்லை. பயந்துபோய் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"அப்பா, இவங்க தங்கச்சி இல்லப்பா. இவதான் வில்லி. பாலத்தை உடைச்சதே இவதான்."

"கையை ஆட்டறாளே?"

"அது டாட்டா இல்லப்பா. 'உன்னை விடமாட்டேன்'னு முஷ்டியக் காட்டறா."

எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. பிறகு யோசித்தேன். எழுதினவர் அமெரிக்காவில் இருக்கிறார். புத்தகம் என் பெட்டியில் இருக்கிறது. என் பெட்டியில் இருக்கும்வரை அவள் தங்கைதான்.

மகள் இப்போது ஹடப்சரில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஆபீசில் யாரோ பழைய காமிக்ஸ் பற்றிப் பேசியிருக்கிறார்கள். "எங்கப்பாகிட்டயும் ஒண்ணு இருக்கு" என்று அட்டையைப் படம் பிடித்து அனுப்பினாள். படம் எங்கெங்கோ சுற்றி, சாயங்காலத்துக்குள் ஒருவரிடமிருந்து போன் வந்துவிட்டது. அடுத்த நாளே மனிதர் நேரில் வந்துவிட்டார்.

அவர்தான் நான் முதலில் சொன்னவர். பாங்கில் அதிகாரி. என் வயதுக்குச் சற்றுக் குறைவு. தாத்தா காலத்திலேயே ராணுவக் கணக்கு ஆபீஸ் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நாலு சொல் தமிழ் பேசினால் இரண்டு சொல் ஹிந்தி வரும், நடுவில் மராத்தி எட்டிப் பார்க்கும். நல்ல மனிதர். ஆனால் காமிக்ஸைக் கண்டால் கண்ணில் வேறு ஒரு வெளிச்சம் வந்துவிடும்.

கை கழுவ இடம் கேட்டார். கழுவித் துடைத்து, விசிறிக்குக் கீழே கையைக் காட்டி நின்றார். அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிறகு புத்தகத்தை வாங்கி, முதுகைப் பார்த்தார். மூலைகளைப் பார்த்தார். நடுவில் போட்டிருக்கிற இரண்டு பின்னையும் போன் வெளிச்சத்தில் பார்த்தார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார், நான் மாவு புளித்துவிட்டதா என்று பார்ப்பதைப் போலவே.

"அரே தேவா" என்றார். "அண்ணா, இது இவ்வளவு நாளா எங்க இருந்தது?"

"டிரங்குப் பெட்டியில. வேஷ்டிக்குள்ள."

"யாரும் படிக்கலையா?"

"எனக்கு இங்கிலீஷ் வராது."

"நல்லவேளை!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஸாரி அண்ணா, நான் அப்படி மீன் பண்ணலை."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் விளக்கமாகச் சொன்னார். இந்தப் புத்தகம் வந்த காலத்தில் கட்டுக் கட்டாக அச்சடித்தார்களாம். சின்னப் பிள்ளைகள் வாங்கி, சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகி, கை மாற்றிக் கை மாற்றிப் படித்துக் கிழித்தார்களாம். மிச்சம் இருந்ததை அம்மாக்கள் வீடு ஒதுக்கும்போது தூக்கிப் போட்டார்களாம். அதனால் இன்றைக்கு இருப்பதே கொஞ்சம். அதிலும் முதுகு மடங்காமல், மூலை மழுங்காமல், பின் துருப்பிடிக்காமல், தாள் பழுக்காமல் இருப்பது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதுவும் இது பாலத்துக்காரர் முதன்முதலாக வந்த புத்தகமாம். கடலோர ஊரில் இருந்திருந்தால் உப்புக் காற்றுக்கே பின் துருப்பிடித்திருக்கும், பூனாக் காற்றும் உங்கள் வேஷ்டியும் காப்பாற்றிவிட்டன என்றார்.

வெளிநாட்டில் இதற்கென்றே பரீட்சை வைத்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்களாம். மார்க் போட்டதும் கண்ணாடி போல ஒரு டப்பாவில் வைத்து மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் திறக்கக் கூடாது. அரை மார்க் கூடினால் விலை எங்கேயோ போய்விடும்.

"திறக்காம எப்படிங்க படிப்பாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"படிக்க மாட்டாங்க அக்கா."

"அப்புறம் எதுக்கு அது புத்தகம்?"

அவர் போனை எடுத்தார். போனில் ஒரு தொகையைத் தட்டி எங்களிடம் காட்டினார். மகள் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். என் மனைவி பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புதுக் கிரைண்டரும் கடைக்கு ஒரு பெரிய ஃபிரிட்ஜும் வாங்கி மிச்சமும் இருக்கும்.

"என்ன அண்ணா, எனக்குத் தர்றீங்களா?"

கழுத்து மேலும் கீழும் ஆடியது. அது ஆடி முடித்த பிறகுதான் என்ன கேட்டார் என்பதே எனக்கு உறைத்தது.

தசராவன்று, அதாவது விஜயதசமிக்கு, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். இங்கே புது வண்டி, நகை எல்லாம் தசராவன்றுதான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், நல்ல நாள். அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருநாள் மாவில் உப்புப் போட மறந்தேன். அடுத்த நாள் இரண்டு தடவை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து புத்தகத்தை உறையிலிருந்து எடுக்காமல் வெளியே இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்துக்காரர் தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

"மனசில்லைன்னா வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிருங்க" என்றாள் மனைவி.

"சரின்னு சொல்லிட்டேனே."

"நீங்க யாருக்குத்தான் சரின்னு சொல்லல? அந்தக் குக்கர்க்காரனுக்கு மூணு தடவை சொன்னீங்க."

"புதுக் கிரைண்டர் வேணும்னு நீதானே சொல்லிக்கிட்டு இருந்த?"

"கிரைண்டர் நான் கேட்டேன். உங்க மூஞ்சியத் தொங்கப் போடச் சொல்லிக் கேட்டேனா?"

போனை எடுத்தேன். அவர் பேரைக் கண்டுபிடித்தேன். வைத்துவிட்டேன். இப்படியே சரஸ்வதி பூஜை வந்துவிட்டது. மறுநாள் தசரா.

மாவுக் கடைக்காரன் வீட்டில் அன்றைக்கு இரண்டு பூஜை. காலையில் கடையில் கிரைண்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, செண்டுமல்லி மாலை போடுவோம். வீட்டில் புத்தகங்களை அடுக்கிப் பூஜை. அன்றைக்கு வாடிக்கைக்காரர்கள் வீட்டிலெல்லாம் வடை, சுண்டல் என்று தடபுடல், மாவுக்குத் தட்டுப்பாடு. நான் வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினேன்.

பூஜை அலமாரிக்கு முன்னால் மணை போட்டு எல்லாம் அடுக்கியிருந்தாள். பஞ்சாங்கம், மகளுடைய பழைய பள்ளிக்கூடப் புத்தகம், அவளுடைய லேப்டாப், அதன் மூடியில் ஒரு பொட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், சாய்த்து நிறுத்தியபடி, பாலத்துக்காரர். உறை இல்லை. மஞ்சள் முகமூடிக்கு மேலே, சரியாக நெற்றி நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"என்ன இது?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பூஜைக்கு வச்சேன்."

"உறையிலேருந்து ஏன் எடுத்த?"

"பிளாஸ்டிக்குக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. இத்தனை வருஷம் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுத் திருப்பிய புத்தகம். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில் ஏதோ ஒன்று சின்னதாகக் குதித்தது. அது சந்தோஷம் என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குள் வாசல் மணி அடித்தது. அவர்தான். நாளைக்கு வர வேண்டியவர். கல்யாணத்துக்கு முதல்நாள் பெண்ணை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்த மாப்பிள்ளை போல, கையில் ஒரு புதுப் பெட்டியோடு நின்றார்.

"சும்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போலாம்னு..." என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். பூஜையைப் பார்த்தார். மெதுவாக நடந்துபோய் மணைக்கு முன்னால் முட்டி போட்டார். பக்தி என்று நினைத்து என் மனைவி கற்பூரத் தட்டை நீட்டினாள். பழக்கதோஷத்தில் ஒத்திக்கொண்டார்.

"அக்கா, யே க்யா..."

"சந்தனம்."

"தெரியுது அக்கா. நெத்தியில வச்சிருக்கீங்களே!"

"பின்ன, கால்லயா வைப்பாங்க?"

"என் லேப்டாப்புக்கும்தான் வச்சாங்க அங்கிள்" என்றாள் மகள், அவரைத் தேற்றுகிற மாதிரி.

"ஈரம் காயறதுக்குள்ள எடுத்துத் துடைச்சுடலாமா அக்கா? ப்ளீஸ்."

"பூஜையில வச்சதை நாளைக்குக் காலைல மறுபடி பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். உங்க வீட்டுல இந்தப் பழக்கமெல்லாம் விட்டுப்போச்சா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "இருக்கு. எங்கம்மா வருஷா வருஷம் என் மேத்ஸ் புக்கைக் கொண்டுபோய் வைப்பா. இன்னிக்குப் படிக்கக் கூடாதுன்னு சொல்வா. நான் மொட்டை மாடிக்குப் போய் காமிக்ஸ் படிப்பேன்." பிறகு விரலை நீட்டி, தொடாமல், பொட்டைக் காட்டினார். "அக்கா, இது பத்துக்கு ஒன்பதை ஒட்டி வரவேண்டிய புத்தகம். இப்ப அஞ்சு வந்தாப் பெரிசு."

"அஞ்சு பாஸ்தானே?"

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடிவிட்டாள். அவருக்கும் உதடு துடித்தது. ஆனாலும் பாங்கு அதிகாரி இல்லையா, தன்னைத் தேற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, போனது போகட்டும். வெளிநாட்டுல இந்த மாதிரிக் கறையெல்லாம் எடுக்கறவங்க இருக்காங்க. அனுப்பிப் பார்க்கிறேன். பேசின தொகையில பாதி தர்றேன். நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கறேன். சரிதானே அண்ணா?"

பாதி என்றாலும் கிரைண்டருக்குப் போதும். எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். அது மேலே போகத் தொடங்கியது எனக்கே தெரிந்தது. அப்போது நான் பாலத்துக்காரரைப் பார்த்தேன். பாலத்தை முதுகில் வைத்துக்கொண்டு, கோவிலுக்குப் போகக் கிளம்பினவர் போலப் பொட்டோடு நின்றார். ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் இவர் நெற்றியைச் சுரண்டுவார், அப்புறம் டப்பாவில் போட்டு மூடுவார்கள், தங்கைக்கு இனிமேல் கையை ஆட்டவே முடியாது என்று தோன்றியது.

"நக்கோ" என்றேன்.

மராத்தியில் வந்துவிட்டது. காய்கறிச் சந்தையில் எல்லோரும் சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்த சொல். வேண்டாம் என்று அர்த்தம். சந்தையில்கூட நான் அதைச் சொன்னதில்லை.

"க்யா?" என்றார் அவர்.

"நக்கோ." இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது. அதனால் தமிழிலும் சொன்னேன். "வேண்டாங்க. குடுக்கல. முழுசாத் தந்தாலும் குடுக்கல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல."

சமையலறையில் கரண்டி விழுந்தது. "அம்மா, பேசினது அப்பாவா?" என்று மகள் கேட்டது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்து ஆடவில்லை. அவர் மணைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தேங்காய்ச் சில்லை மென்றுகொண்டே புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்.

"ஏன் அண்ணா? யாருக்காவது குடுக்கணுமா? வேற பார்ட்டி வந்திருக்கா?"

"இல்லைங்க. இவர் இங்கேயே இருக்கட்டும். எனக்குப் பழகிடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். முழுச் சிரிப்பு இல்லை, முக்கால்வாசி. "என்கிட்ட ஒரு புத்தகம் இருக்கு அண்ணா. ரெண்டு மடங்கு காசு தர்றேன்னாங்க. நானும் நக்கோன்னுதான் சொன்னேன். எங்க வீட்டுல இன்னும் திட்டறாங்க." எழுந்திருந்து பொட்டோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். கொண்டுவந்த புதுப் பெட்டியை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். "டிரங்குப் பெட்டி துரு விடும். இதுல வைங்க."

மறுநாள் காலை பூஜை முடிந்து புத்தகத்தை எடுத்தேன். சந்தனம் காய்ந்து, தொட்டதும் செதிலாக உதிர்ந்தது. நெற்றியில் வட்டமாக ஒரு மஞ்சள் கறை, நடுவில் சிவப்பு. பாலத்துக்காரர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தார் என்று சொன்னால் நம்பிவிடலாம்.

மனைவி பக்கத்தில் நின்றாள். "வேணும்னேதான் வச்சேன்" என்றாள்.

"தெரியும்."

"நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்க. நான் சொன்னா அவருக்கு வருத்தம். சாமி பேரால போச்சுன்னா யாருக்கும் வருத்தம் இல்லன்னு நெனச்சேன். அந்த மனுஷன் பாதி காசுக்குக் கேப்பாருன்னு நான் எங்க கண்டேன்?"

"நான் தலையாட்டியிருந்தா?"

"அதுக்குத்தான் மணைக்கு முன்னால உக்காந்து வேண்டிக்கிட்டேன். இந்த மனுஷன் வாயத் திறக்கட்டும்னு."

கிரைண்டர்? அது இன்னும் பழைய கிரைண்டர்தான். ஓடும்போது லாரி பின்னால் வருகிற மாதிரி சத்தம் போடும். "அந்த மஞ்சள் முகமூடியைக் குடுத்திருந்தா இந்தச் சத்தம் இருக்காது" என்று என் மனைவி மாசத்துக்கு ஒரு தடவை சொல்வாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

பூஜையிலிருந்து புத்தகத்தை எடுத்த அன்றைக்கே பதினொரு மணிக்கு அவர் மறுபடியும் வந்தார். பணம் கொண்டுவர வேண்டிய நாளில் ஒரு பை நிறைய ஆப்டா மர இலை கொண்டுவந்தார். இங்கே தசராவன்று அந்த இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். என் கையில் ஒரு கொத்து வைத்து, "தங்கம் வாங்கிக்கோங்க அண்ணா, தங்கமா இருங்க" என்றார்.

"இதுல ஒரு இலையைப் புத்தகத்துக்குள்ள வைக்கட்டுமா? நல்லதுதானே?" என்று என் மனைவி கேட்டாள்.

"அக்கா!" என்று அவர் போட்ட சத்தம் கிரைண்டர் சத்தத்தை விடப் பெரியது.

அன்றைக்குத்தான் இதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். இந்த ஒரு வருஷத்தில் அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். கையைக் கழுவிக் காயவைத்துவிட்டு, நாங்கள் இருவரும் பக்கம் திருப்புவோம். இங்கிலீஷில் இருப்பதை அவர் படித்துச் சொல்வார். அந்தப் பெண் வரும் இடங்களில் மட்டும் என் கதைப்படி, தங்கை என்றே சொல்லிவிடுவார்.

நேற்றுச் சரஸ்வதி பூஜைக்குத் தன்னிடம் உள்ள புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, எங்கள் மணையில் பாலத்துக்காரர் பக்கத்தில் வைத்தார். மேலே இரண்டு பிளாஸ்டிக் உறை. "பொட்டு உறைக்கு மேல வைங்க அக்கா. உறைக்கு மட்டும்" என்று இரண்டு கையையும் கூப்பினார்.

"பிளாஸ்டிக்குக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?" என்றாள் என் மனைவி, சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்காக நான்தான் சொன்னேன், நக்கோ என்று. அவள் உறைக்கு மேலேயே வைத்துவிட்டாள்.

இன்றைக்குக் காலை பூஜையிலிருந்து எடுத்த புத்தகத்தை ஒரு பக்கமாவது படிக்க வேண்டும், ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பார்கள். பாலத்துக்காரர் நெற்றியில் போன வருஷத்துக் கறைக்கு மேலே புதுச் சந்தனம் காய்ந்திருக்கிறது. ஒரு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மகள் எனக்குப் பேனா வாங்கி வந்திருந்தாள். கடையை இன்னும் திறக்கவில்லை.

புனே,
விஜயதசமி, வியாழக்கிழமை,
புரட்டாசி பதினாறாம் தேதி.